சம்பந்தி எங்கே?

போன மாதம் சுங்கை சிப்புட்டில் அத்தை வீட்டில் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தோம். பிலிப் த ஷோவரோன் இயக்கி 2014இல் வந்தது. 'கடவுளே, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?' என்பது போலத் தலைப்பு. பிரான்சில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்ற படம். ஷினோன் ஊரில் ஒரு கத்தோலிக்கத் தம்பதி, நான்கு மகள்கள். மூன்று பேர் அரபு முஸ்லிம், யூதர், சீனர் என்று கட்டிக்கொள்கிறார்கள். கடைசி மகளாவது கத்தோலிக்கப் பையனாகப் பார்க்க மாட்டாளா என்று காத்திருக்கிறார்கள். கத்தோலிக்கன்தான் வருகிறான், ஆனால் ஐவரி கோஸ்ட்காரன்.

சப்டைட்டிலை நான் சொல்லச் சொல்ல அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். முடிந்ததும் ஒரே கேள்வி: "அந்தச் சீனப் பையனோட அம்மா அப்பா எங்கடா? சம்பந்தியே இல்லாம என்னடா கல்யாணக் கதை?"

அத்தையின் மகளும் சீனரைத்தான் கட்டியிருக்கிறார். சம்பந்தி வீட்டு விருந்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்றே ஒரு வருடம் பஞ்சாயத்து ஓடியது.

அந்தக் கேள்வி படத்தின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டது. எல்லாரும் கொஞ்சம் இனவாதிகள்தான், ஆகவே கணக்கு நேர் என்கிறது படம். ஆனால் சண்டை நடப்பது பெரும்பாலும் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தேசிய கீதம் பாடித் தங்களை நிரூபிக்க வேண்டியவர்கள் மருமகன்கள். ஐவரி கோஸ்ட் அப்பா வந்த பிறகுதான் படத்துக்கு உயிர் வருகிறது. இவருக்குச் சளைக்காத வீம்பு அவருக்கும் உண்டு. மற்ற மூன்று சம்பந்தி வீடுகளும் கதைக்குள் வர 2022இல் மூன்றாம் படம் வரை ஆனது.

நம்ம ஊருக்கு வருவோம். பக்கத்து ஈப்போவில் நடக்கும் கதை யாஸ்மின் அமாட்டின் 'செப்பேட்'. மலாய் வீடு இருக்கிறது, சீன வீடு இருக்கிறது. சீனப் பையன் தன் அம்மாவுக்குத் தாகூரைச் சீன மொழியில் வாசித்துக் காட்டுவதில்தான் படமே தொடங்குகிறது. இந்தியக் கவிஞர் உள்ளே வந்துவிட்டார். நினைவில் நிற்கிற மாதிரி ஒரு தமிழ் வீடு இல்லை.

2009இல் 'டேலண்டைம்' எடுத்தபோது யாஸ்மின் அந்த வீட்டைக் கட்டினார். மகேஷின் அம்மாவாக சுகன்யா வேணுகோபால். தம்பியைக் கல்யாண நேரத்தில் அக்கம்பக்கத்து மோதலில் இழந்தவர், மகன் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்புவதை எப்படி ஏற்பார்? 2001இல் கம்போங் மேடானில் ஒரு கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் இடையிலான தகராறு கலவரமாகி ஆறு பேர் செத்ததை அறிந்தவர்களுக்கு இது வெறும் கற்பனை இல்லை. இங்கே சம்பந்தி வீட்டுக்குக் கோபப்பட உரிமை கிடைக்கிறது. இருந்தாலும் எனக்கு ஒரு குறை. கதாநாயகன் காது கேளாதவன், சைகையில்தான் பேசுகிறான். படத்தில் உருக்கமாக ஒலிக்கும் 'ஓ ரே பியா' இந்திப் பாட்டு. ஈப்போத் தமிழ்ப் பையனின் காதலுக்குத் தமிழ் எட்டவில்லையா?

தமிழ் வீட்டுக்குள்ளேயே இருந்த படம் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்ம வாயில் அப்படி ஆனது. தோட்டம் இழந்து வெளியேறிய குடும்பம், அப்பா, சித்தப்பாக்கள், ஒரு துறுதுறுப் பையன். 2016இல் 28வது மலேசியத் திரைப்பட விழாவில் முதலில் இதை மலாய் அல்லாத படங்களுக்கான பிரிவில் ஒதுக்கினார்கள். மலாய்க் கலைஞர்கள் சிலரும் சேர்ந்து எதிர்த்த பிறகுதான் பிரிவுகள் மாறின, சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் கிடைத்தது.

'ஜகாட்' கனமான படம். அத்தை பாதியில் எழுந்து போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், லயத்து வீட்டில் வளர்ந்தவர். எனக்கு வேண்டியது அத்தை கடைசிவரை உட்கார்ந்து சிரிக்கிற படம். சுங்கை சிப்புட்டில் ஒரு கஞ்சத் தமிழ் மாமனார், கொஞ்சம் இனவாதி, கொஞ்சம் சாதி பார்ப்பவரும்கூட. அவர் வீட்டு வாசலில் சீனரும் மலாய்க்காரரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வரவேண்டும்.