பின்னலும் அவிழ்ப்பும்: சிறுவர் கோலாட்டக் கல்வி

பின்னல் கோலாட்டம் தமிழ்நாட்டுச் சிறுமியரின் ஆட்டங்களுள் நுட்பம் மிகுந்தது. உயரத்தில் ஒரு கொக்கியிலோ, நட்ட கம்பத்தின் தலையிலோ பல நிறக் கயிறுகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆளுக்கொரு கயிறு. எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் என்று இரட்டைப்படையாகவே நிற்பார்கள். பாதிப் பேர் வலமாகவும் மற்றவர்கள் இடமாகவும் சுற்ற வேண்டும். எதிரே வருபவளோடு கோல் தட்டி, ஒருத்திக்கு உள்ளே புகுந்து, அடுத்தவளுக்கு வெளியே விலகிப் போகப் போக, மேலே கயிறுகள் சடையாக இறங்கும். பிறகு அதே அடிகளைக் கடைசியிலிருந்து திருப்பி ஆடினால் சடை அவிழும்.

பின்னல் விழும்போது பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் ஆட்டத்தின் தரம் தெரிவது அவிழ்க்கும்போதுதான். பின்னுகையில் ஒரு குழந்தை உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போயிருந்தாலும் சடை ஒருவாறு விழுந்துவிடும். அந்தப் பிழை திரும்பும்போது சிக்காக வந்து நிற்கும். அதைத் தனியொருத்தி இழுத்துச் சரிசெய்ய முடியாது. எல்லோரும் நின்று, கயிற்றைத் தளர்த்தி, வந்த வழியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒற்றுமை, பொறுமை என்று சொல்லில் புகட்டப்படுபவை இங்கே கயிற்றிலேயே இருக்கின்றன. இந்த ஆட்டத்தைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதன் பெரும்பயன் இது.

கற்பிக்கும் வரிசையில் கும்மி முதலில் வருவது நல்லது. அதற்குக் கையைத் தவிர வேறு கருவி வேண்டாம். உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் ஓர் ஒலி, விரல்களை மட்டும் தட்டினால் வேறோர் ஒலி. இந்த வேறுபாடு காதில் பதிந்த குழந்தைக்குத் தாளம் எளிதில் பிடிபடும். குனிந்து நிமிர்ந்து தட்டும்போது வட்டம் குலையாமல் காப்பதும் இங்கேயே பழகிவிடும். அடுத்தது கயிறில்லாத கோலாட்டம். புதிதாகக் கற்பவர்கள் கோலை இறுகப் பிடித்து ஓங்கி அடிப்பார்கள். மணிக்கட்டு தளர்ந்தால்தான் கடைசல் கோலின் கணீரென்ற ஒலி எழும். தேர்ந்த குழுவைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம்: அத்தனை கோல்களும் ஒரே தட்டாகக் கேட்கும். கயிறு அதற்குப் பிறகுதான்.

பாட்டும் ஆட்டத்தின் பகுதியே. ஒருத்தி முன்பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது மரபு. தீபாவளியை அடுத்து நடந்துவந்த கோலாட்ட ஜோத்திரை என்னும் விழாவில், பசுவன் என்ற கன்றை மண்ணில் செய்து வைத்துச் சிறுமியர் பாடி ஆடினர். முடிவில் அதை நீரில் கரைத்தனர். கதை, பாட்டு, வழிபாடு, தோழமை எல்லாம் அவர்களுக்கு ஒன்றாகவே கிடைத்தன.

கொங்கு நாட்டில் வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மி இன்று குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து கற்கும் கலையாகியிருக்கிறது. கோவை மாவட்டத்து ஆசிரியர் பத்ரப்பன் ஆண்கள் ஆடிவந்த அதைப் பெண்களுக்கும் பயிற்றுவித்தவர். 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மரபைக் காப்பதென்றால் வட்டத்தை அகலமாக்குவதும்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

மரபைக் காக்கும் இந்த வேலை பிலிப்பைன்சில் எழுத்தின் துணையோடு நடந்தது. பிரான்சிஸ்கா ரெயஸ் அக்கினோ 1920களில் ஊர் ஊராகச் சென்று நாட்டார் நடனங்களைத் திரட்டினார்; அடி, இசை, உடை மூன்றையும் குறித்துப் புத்தகமாக்கினார். மூங்கில் கழிகளைத் தட்டி, அவற்றின் இடையே கால் வைத்து ஆடும் டினிக்லிங் போன்றவை உடற்கல்வி வகுப்புகளின் வழியே பள்ளிப் பிள்ளைகளிடம் சென்றன. 1973இல் அந்நாடு அவரைத் தேசியக் கலைஞராக அறிவித்தது. தமிழில் நா. வானமாமலை போன்றவர்கள் பாடல்களைத் தொகுத்த அளவுக்கு ஆட்ட அடிகள் எழுதிவைக்கப்படவில்லை. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் கோபுரத்தில் செவ்வியல் நாட்டியத்தின் ஆட்டநிலைகளான கரணங்கள் சிற்பங்களாக நிற்கின்றன; கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் ஆடும் பிள்ளைகளின் கால்களே ஏடு.

ஆகவே பள்ளியின் பங்கு பெரிது. பள்ளிக்கு வெளியே, அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் கிராமிய நடனம் கற்பிக்கப்படுகிறது. 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய அரசுப் பள்ளிக் கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் போன்ற ஒன்றியங்களின் ஊரகப் பிள்ளைகளும் இவ்வழியே மேடையேற முடிகிறது. பதிவுசெய்த இசைக்கு ஆடுவது பயிற்சியை எளிதாக்கும். ஆனால் குழந்தையின் குரல் வெளியே போய்விட்டால் கும்மியில் பாதிதான் மிஞ்சும். பாட்டை அறிந்த ஊர்ப் பாட்டிகளை வகுப்புக்கு அழைத்து, அவர்கள் முன்பாடப் பிள்ளைகள் வாங்கிப் பாடினால், சொல்லும் தாளமும் அடியும் ஒருசேரக் கைவரும்.