எஞ்சின் இடம் மாறினால் கார்வெட் மாறிவிடுமா?

அமெரிக்க கார் ரசிகர்களிடையே ஒரு சண்டை இன்னும் ஓயவில்லை. 2019 ஜூலையில் செவர்லே எட்டாம் தலைமுறை கார்வெட்டைக் காட்டியது. 1953 முதல் முன்னாலேயே இருந்த எஞ்சின், இதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. "இது கார்வெட்டே இல்லை, ஃபெராரி காப்பி" என்று பழைய ஆட்கள் பொங்கினார்கள். அவர்கள் தூக்கிக் காட்டும் கார் பெரும்பாலும் 1963 ஸ்டிங் ரே. சரி, அந்த இரண்டையுமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

குதிரைத்திறனை முதலில் ஒதுக்கிவிடலாம். அன்று இருந்ததில் பெரிய எஞ்சினுக்கு 360, இன்றைய சாதாரண மாடலுக்கே 490. ஆனால் அன்று எஞ்சினைத் தனியா மேடையில் வைத்து, சைலன்சர் மாதிரி சுமையெல்லாம் இல்லாமல் அளந்தார்கள். காரில் இருக்கிறபடியே அளக்கும் முறை 1972 வாக்கில்தான் வந்தது. ஆக இரண்டு எண்ணும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல.

சுவாரஸ்யம் பின் கண்ணாடியில் இருக்கிறது. 1963 கூபேயில் அது நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிளந்திருக்கும். வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலின் பிடிவாதம் அது. "பின்னால் வருவது தெரியாது" என்று பொறியாளர் ஸோரா ஆர்கஸ் டன்டோவ் எதிர்த்தார், தோற்றார். மறுவருஷமே பட்டை போய்விட்டது. இப்போது சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்த ஒரு வருஷத்து காரைத்தான்! பானெட்டில் காற்றுத் துளை போல வைத்ததும் வெறும் அலங்காரம். அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனா ஓட்டுகிறவனை நினைத்துச் செய்த அழகு இல்லை.

அதே டன்டோவ்தான் எஞ்சின் பின்னால் வைத்த சோதனைக் காரை 1960-லேயே செய்து காட்டியவர். விற்பனைக்கு வரும் கார்வெட்டையும் அப்படி ஆக்கக் கடைசிவரை கேட்டுப் பார்த்தார், நிர்வாகம் அசையவில்லை. 1996-இல் இறந்துபோனார். கார்வெட்டின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர் ஆசைப்பட்டது நடந்ததைத்தான் "துரோகம்" என்கிறார்கள் இந்த ரசிகர்கள்.

எனக்கும் புதிய கார் மேல் குறை உண்டு, ஆனால் அது வேற இடத்தில். ஸ்டிங் ரே வாங்கியவர்களில் பெரும்பாலோர் நாலு கியர் மேனுவலைத்தான் எடுத்தார்கள். புதியதில் கிளட்ச் பெடலே கிடையாது. எட்டு கியரையும் கார் தானே மாற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பின்னால் விரலால் தட்டலாம். போதாததற்கு 2025 மாடல் வரை ஏசி பட்டன்களை ஒரு நீள வரிசையாக அடுக்கி, ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே மதில் எழுப்பியிருந்தார்கள். துரோகம் என்ற சொல்லைச் செலவழிக்க வேண்டுமென்றால் கிளட்ச் பெடலுக்குச் செலவழிக்கலாம். எஞ்சினோ இன்றும் பழைய பாணி வி8தான். சிலிண்டருக்கு இரண்டே வால்வு, அதே புஷ்ராடு.

இன்னொன்று. 1963 கூபேக்கு டிக்கி மூடியே கிடையாது. பெட்டியை சீட்டுக்குப் பின்னால் திணிக்க வேண்டும். புதியதில் டிக்கி இரண்டு. முன் பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு சூட்கேஸ் வைக்கலாம்.