நிழலில் வண்டி, வெயிலில் பேனல்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் ஒரு டிரெய்லரை நிறுத்தச் சொன்னால் யாராக இருந்தாலும் அடர்ந்த மரமாகப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார முடியாது. ஆனால் அந்தக் கூரையில்தான் 400 வாட் சோலார் பேனல் இருக்கிறது. மரத்தடியில் நிறுத்தினால் கரண்ட் இல்லை. வெட்டவெளியில் நிறுத்தினால் உள்ளே ஆள் இருக்க முடியாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்த இந்தச் சோலார் தொகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இந்தச் சிக்கல்தான்.

ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும், இருவர் படுக்கக்கூடிய சிறிய டிரெய்லர் அது. முன்பு அதில் 100 வாட் பேனலும் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூபுலர் பேட்டரியும் இருந்தன. இப்போது 200 வாட் பேனல் இரண்டு, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர், 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் கரையும். லித்தியத்தை எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்குக் குறைவு. இந்த ஒரு மாற்றத்துக்காகவே செலவு செய்யலாம்.

தேவையைக் கணக்குப் பார்க்காமல் வாட் கணக்கைப் பேசுவதில் பயனில்லை. 12 வோல்ட் சிறிய ஃபிரிட்ஜ் நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளைக்கு 500 முதல் 600 வாட் அவர் கேட்கும். 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி பத்து மணி நேரம் சுற்றினால் 280. எல்.இ.டி. விளக்குகள், செல்போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து ஒரு இருநூறு. ஆக, ஆயிரத்தை ஒட்டி வருகிறது. அந்த பேட்டரி 1,280 வாட் அவர் கொள்ளும். நல்ல வெயிலில், இழப்புகள் போக, 400 வாட் பேனல் 1,300, 1,400 வாட் அவர் தரும். மிக்ஸியில் சட்னி அரைக்க இன்வெர்ட்டர் தாங்கினால் போதும், இரண்டு நிமிட ஓட்டத்துக்குப் பெரிதாக ஒன்றும் செலவாகாது. இண்டக்‌ஷன் அடுப்பை மறந்துவிட வேண்டும். சமையலுக்கு கேஸ்தான்.

தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தோப்புக்குள் போனதும் கதை மாறுகிறது. பேனலுக்குள் இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒரு செல்லை நிழல் மறைத்தால் அந்த வரிசை முழுவதும் முடங்கும். அதைத் தவிர்க்கத்தான் பைபாஸ் டயோடு வைக்கிறார்கள். ஆனால் 36 செல் பேனலில் பெரும்பாலும் இரண்டே டயோடுகள்தான் இருக்கும். ஒரு தென்னை ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தால் பாதிப் பேனல் போய்விடும். பரப்பில் பத்தில் ஒரு பங்குதானே மறைந்தது என்று நினைக்கக் கூடாது.

கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. வாட் எண்ணை மட்டும் பெரிதாக எழுதி விற்கிறார்கள். இந்தத் தொகுப்போடு வந்த கையேட்டிலும் நிழலைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. காடும் தோப்பும் பார்க்கப் போகிறவர்களுக்கு விற்கும் பொருளில் இது சின்னக் குறை அல்ல.

வழி இருக்கிறது. ஒரு பேனலையாவது கூரையோடு சேர்த்து முடுக்காமல், கழற்றித் தரையில் வைக்கும்படி அமைக்க வேண்டும். வண்டி மாமரத்தடியில் நிற்கட்டும், பேனல் பத்து மீட்டர் தள்ளி வெயிலில் கிடக்கட்டும். இதில் வயரிங்தான் முக்கியம். இரண்டு பேனலையும் பேரலலாக இணைத்தால் 20 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஓடும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் பத்து மீட்டர் போய் வருவதற்குள் ஒன்பது சதவீதம் வரை சூடாகவே வீணாகும். சீரிஸில் இணைத்தால் 40 வோல்ட், 10 ஆம்பியர். இழப்பு இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். எனவே இரண்டையும் வெயிலில் தரையில் வைக்கும்போது சீரிஸ், கூரையில் அரைகுறை நிழலில் நிற்கும்போது பேரலல். இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள வசதியாக பிளக்குகளை வெளியே விட்டுத் தரச் சொல்லுங்கள். சோதித்த தொகுப்பில் அப்படி மாற்றியபிறகுதான் ஃபிரிட்ஜ் விடியும் வரை ஓடியது.

பேனலை எந்தப் பக்கம் சாய்ப்பது? வெளிநாட்டு வீடியோக்கள் சாய்வுக் கோணத்தைப் பற்றி நிறையப் பேசும். ராஜபாளையம் பூமத்திய ரேகைக்கு ஒன்பதரை டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி நண்பகல் சூரியன் தலைக்கு அருகிலேயே நிற்கும், கோடையின் நடுவில் வடக்குப் பக்கம்கூடப் போகும். கூரையில் படுக்க வைத்த பேனல் இங்கே பெரிதாக இழப்பதில்லை. மார்கழியில் மட்டும் தெற்கே சாய்த்தால் பலன் தெரியும்.

திசையைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது மேற்கு மலை. செண்பகத்தோப்பு, அய்யனார் அருவிப் பக்கம் மலையடிவாரத்தில் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மதியத்துக்கு மேல் மேகம் மலையில் வந்து உட்காரும். ஆகவே காலை வெயில்தான் சம்பாத்தியம். தரையில் வைக்கும் பேனலைக் காலையில் கிழக்கே பார்த்து வைத்துவிட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் பேட்டரி பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது. செண்பகத்தோப்பு காட்டுப் பகுதி 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் அடக்கம். எனவே தங்குவது வெளியே, தனியார் தோப்புகளில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான்.

கன்ட்ரோலர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். எம்.பி.பி.டி. என்று அச்சடித்து, உள்ளே மலிவான பி.டபிள்யூ.எம். வைத்த பெட்டிகள் ஆன்லைனில் ஏராளம். கண்டுபிடிப்பது எளிது. நல்ல வெயிலில், பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது, பேனலிலிருந்து வரும் ஆம்பியரையும் பேட்டரிக்குப் போகும் ஆம்பியரையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது எம்.பி.பி.டி. இல்லை. உண்மையான எம்.பி.பி.டி.யில் பேட்டரிப் பக்கம் கூடுதலாக இருக்கும்.

சூடு இன்னொரு எதிரி. செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டியபின், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். கூரைக்கும் பேனலுக்கும் இடையில் இரண்டு விரற்கடையாவது காற்று புக இடம் வேண்டும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். எனவே அதை மேற்குச் சுவரோரம் வைக்காமல் படுக்கைக்கு அடியில், காற்றோட்டத்தில் வையுங்கள்.

சக்கரத்தின் மேல் சூரியனை ஏற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு ஆட்டோ ரிக்‌ஷாவின் மேல் கட்டிய ‘சோலோ’ வீட்டில் 600 வாட் சோலார் இருந்தது. 2021-இல் ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டிப் பதிவிட்டார். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் வடிவமைத்த சோலார் இஸ்திரி வண்டி அவரை அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடைவரை கொண்டுபோனது. மரத்தடியில் நின்று கரியில் தேய்க்கிற தொழிலாளிக்காக யோசித்த வண்டி அது.

2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் தரும் 78,000 ரூபாய் வரையிலான மானியம் மின்வாரிய இணைப்புள்ள வீட்டுக் கூரைகளுக்குத்தான். டிரெய்லருக்கு அது கிடைக்காது, முழுச் செலவும் கைக்காசு. கூரையில் நிரந்தரமாகப் பொருத்தும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகுப்பை வாங்கலாமா? பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் தாராளமாக ஆம். இரண்டு பேனலையும் கூரையில் முடுக்கித் தருவேன் என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றைக் கூரையில் கழற்றும்படி வைத்து, மற்றொன்றைப் பத்து மீட்டர் வயரோடு தனியாக வாங்குங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் அதைக் கல் வைத்துக் கட்டிப் போட வேண்டும். கணவாய்க் காற்று புரட்டிவிடும்.