கூத்துக் களமும் கவியரங்கும்: ஓர் இறையியல் மாணவனின் நோக்கு

அருளுரை ஆற்றப் பயிலும் மாணவனுக்கு நிகழ்த்துகலைகள் எதனைக் கற்பிக்கக்கூடும்? ஓராண்டுக்குள் நான் கண்ட தெருக்கூத்து ஒன்றும் கேட்ட கவியரங்கம் ஒன்றும் இவ்வினாவை என்னுள் எழுப்பின. இரண்டுமே மக்கள் முன்னிலையில் ஒலிக்கும் சொல்லை நம்பி நிற்பவை. ஆயினும் அவை என்னிடத்தில் விளைவித்தவை வெவ்வேறு.

திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திரௌபதியம்மன் திருவிழாவில் நிகழ்ந்த துகிலுரிதல் கூத்தை முதலில் கண்டேன். பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறுவது இவ்விழாவின் மரபு. முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் ஒலிக்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடியபடியே வேடதாரிகள் களம் புகுந்தனர். கட்டியக்காரன் அரசரையும் எள்ளி, ஊர்ப்பேச்சில் கதையை நம் காலத்திற்கு இழுத்து வந்தான். நள்ளிரவு வரை மக்கள் சிரித்தனர், சிறுவர் உறங்கினர்.

திரௌபதி அவைக்கு இழுத்து வரப்பட்டபோது சிரிப்பு அடங்கியது. தம்மையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று அவள் கேட்டாள். அவையின் மூத்தோர் விடை தரவில்லை. களத்தைச் சூழ்ந்திருந்த நாங்களும் வாய்மூடியே இருந்தோம். கௌரவர் அவை எங்கே முடிகிறது, எங்கள் கூட்டம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் புலப்படவில்லை. துச்சாதனன் வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்கினார். அவ்வழிபாடு நம்முடையதன்று. எனினும், தாம் செய்யப்போவதற்கு அவர் அஞ்சினார். திருமறையைத் திறக்கும் நம் கைகளில் அத்தகைய அச்சம் உண்டா?

கவியரங்கம் ஒரு கல்லூரியில் நடைபெற்றது. பொருள், வரதட்சணைக் கொடுமை. 1961ஆம் ஆண்டிலேயே தடைச் சட்டம் இயற்றப்பட்ட நாட்டில் இன்னும் பாடப்படவேண்டிய பொருள்தான். எதுகையும் மோனையும் செவிக்கே உரியவை என்பதை அன்று உணர்ந்தேன். ஒவ்வோர் அடியும் இருமுறை சொல்லப்பட்டது. இரண்டாம் முறை முடியுமுன்னரே கரவொலி எழுந்தது. கைதட்டியவருள் நானும் ஒருவன். அரங்கைவிட்டு வெளியே வந்ததும், நண்பரின் தமையனுக்குப் பேசி முடித்த சவரன் கணக்கு எங்கள் உரையாடலில் இயல்பாக இடம்பெற்றது. எங்களுள் எவருக்கும் அது உறுத்தவில்லை.

குறை கவிதை வடிவினதன்று. கூத்தும் வெறும் பொழுதுபோக்காக முடியலாம். கேட்போர் தம்மைக் கதைக்கு வெளியே நிறுத்திக்கொள்ள இடம் உண்டா, இல்லையா என்பதே கேள்வி. அக்கவிதைகள் வேறு எவரையோ குற்றஞ்சாட்டின. ஆகவே நாங்கள் மகிழ்ந்தோம். எசேக்கியேல் 33ஆம் அதிகாரம் இந்நிலையை நன்கு அறியும். இன்குரலில் பாடுபவனைக் கேட்பதுபோல் மக்கள் இறைவாக்கினரைக் கேட்கிறார்கள், கேட்டபடி செய்வதில்லை. மாறாக, 2 சாமுவேல் 12இல் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டியின் கதை தாவீதை உள்ளே இழுத்து, அவன் வாயாலேயே தீர்ப்பை வரவழைத்தது. எரேமியா கலசத்தை உடைத்ததும் (எரேமியா 19) கண்டோர் எளிதில் கடந்துபோக இயலாத நிகழ்த்துதலே.

நம் திருச்சபைக்கு இக்கலைகள் அந்நியமல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) குறவஞ்சி வடிவிலேயே பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். எனவே, நாடகத்தை ஆலயத்திற்குள் அனுமதிக்கலாமா என்று விவாதிப்பதைவிட, பிரசங்க பீடத்தில் நாம் எதனை நிகழ்த்துகிறோம் என்று ஆராய்வதே தேவை. ஆராதனை முடிந்து வாயிலில் கைகுலுக்குவோர் 'நல்ல பிரசங்கம், ஐயரே' என்று சொல்லும்போது, அது எந்தக் கரவொலி என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கூத்து முடிந்த விடியலில் எவரும் கைதட்டவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்த முதியவள் ஒருத்தி, 'அத்தனை பேர் இருந்தும் ஒருத்தனும் கேட்கலையே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனாள். ஞாயிறு காலையில் ஆலயத்தைவிட்டு வெளியேறும் ஒருவரேனும் அவ்வாறு தமக்குள் பேசிக்கொண்டு போகவேண்டும் என்பதே என் வேண்டுதல்.