தோழியும் வாடைக்காற்றும்

யாழ்ப்பாணத்தில் கூடப் படித்த வேலணைத் தோழி இரவல் தந்த நாவல், செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவரின் காதல் கதை. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. பருவம் முடிந்தால் வாடியைப் பிரிக்க வேண்டும். அங்கே பிரிவு தொழிலோடு கூடப் பிறந்தது. அதனாலேயே அக்காதல் மனதை வருத்துகிறது.

இப்போது நான் வாசிக்கும் காதல் நாவல்களிலோ பிரிவு என்பது வெறும் சந்தேகம். கடைசி அத்தியாயத்தில் தீர்ந்துவிடும். தோழி தூது போனதும் காணாமற் போகிறாள்.

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தப் புத்தகம் வீட்டிலேயே கிடந்தது. பின்பு புத்தளத்தில் வேறு பிரதி வாங்கி, அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். காதலரை நாவல்கள் சேர்த்து வைக்கட்டும். இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாத இந்தத் தோழமையை யார் எழுதுவார்?