வெள்ளைப் பாஷாணமும் வேலூர்க் கணக்கும்

திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1997-இல் தொடங்கிய கல்லூரி. அங்கே கற்பிப்பது நவீன மருத்துவம். பெயருக்கு உரியவரோ ‘தமிழ் மருந்துகள்’ என்று தனி நூலே எழுதியவர், சித்த மருத்துவத்தின் மீது ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். சளிக்கும் மூட்டுவலிக்கும் இந்த இரண்டு மருத்துவமும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. புற்றுநோய் என்று வந்துவிட்டால்தான் ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன.

உறையூரிலோ திருவானைக்காவலிலோ ஒரு குடும்பத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரும்போது நடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். துணிப்பைக்குள் ஸ்கேன் படமும் பயாப்சி தாளும் இருக்கும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பார்கள். அதற்குள் உறவுக்காரர் ஒருவர் வந்து, “கத்தி வச்சா பரவிடும், ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டுப் பாருங்க” என்பார். ஒரு மண்டலம் என்றால் 48 நாள். அது இரண்டாகும், மூன்றாகும். மார்பில் இருந்த கட்டி அக்குளுக்குப் போயிருக்கும். திருச்சிப் பகுதியில் புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இந்த நாட்களைத்தான்.

கத்தி வைத்தால் பரவும் என்பது தமிழ் மரபின் குரல் என்று நினைப்பவர்கள் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று நீளும் ஊழியர் பட்டியலில் அறுவை செய்பவருக்கும் ஊதியம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. சக ஆண்டு 1415, அதாவது பொது ஆண்டு 1493-ஐச் சேர்ந்த கல்வெட்டு, பழுதுபட்டுக் கிடந்த அந்தச் சாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைப் பதிவு செய்திருக்கிறது. தன்வந்திரி சன்னதியில் இன்றும் மக்கள் நோய் தீர வேண்டிக்கொள்கிறார்கள். கத்தியைப் பார்த்து அஞ்சுவது மரபு அன்று. பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பயம்.

மரபின் பக்கம் உள்ள உண்மையான பலத்தையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு வாசல்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். அதன் இலையில் நீரிழிவுக்கு மருந்து இருக்கிறதா என்று 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் தேடினார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆய்வுக்கூட விலங்குகளின் வெள்ளை அணுக்கள்தாம் மளமளவென்று சரிந்தன. அந்தத் தற்செயலிலிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றுவரை கொடுக்கும் கூட்டு மருந்துகளில் வின்கிறிஸ்டின் தவறாமல் இடம்பெறுகிறது. ஒரு கிராம் மருந்து எடுக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். தென் தமிழ்நாட்டு வறண்ட நிலங்களில் இந்தச் செடியைப் பயிரிட்டு ஏற்றுமதியே செய்கிறார்கள். அந்த இலையை வீட்டில் கொதிக்கவைத்துக் குடிப்பவருக்கு எவ்வளவு மருந்து உடம்பில் சேர்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்த நாளத்தில் ஏற்றும் மருத்துவருக்கு மில்லிகிராமில் தெரியும். செடி இருவருக்கும் ஒன்றே. அளவுதான் ஒருவரிடம் இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை.

இதைவிட அழுத்தமான சான்று வெள்ளைப் பாஷாணம். சித்த மருத்துவம் பாஷாணங்களை 64 என்று வகுக்கிறது. அவற்றுள் வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்செனிக் டிரையாக்சைடு. கொடிய நஞ்சு, ஆனால் சுத்தி செய்து நுண்ணிய அளவில் மருந்தாகக் கொடுத்தார்கள். சீன மருத்துவத்திலும் அதே பொருள் உண்டு. 1970-களின் தொடக்கத்தில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரத்து மருத்துவர் சாங் திங்தோங், கிராமத்து வைத்தியர் ஒருவரின் புற்றுநோய் மருந்தைக் கையில் எடுத்தார். அதில் பாஷாணம், பாதரசச் சரக்கு, தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. அவரும் உடனிருந்தவர்களும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். பாதரசம் தேவைப்படவில்லை, தேரை நஞ்சும் தேவைப்படவில்லை. பாஷாணம் மட்டும் ஒரு குறிப்பிட்ட ரத்தப் புற்றுநோயில் வேலை செய்தது. ரத்தம் உறையாமல் கசிந்து நோயாளியை வேகமாகக் கொன்றுவந்த ஏ.பி.எல். என்ற வகை அது. 2000-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. 2013-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், நோயின் வீரியம் அதிகமில்லாத ஏ.பி.எல். நோயாளிகளுக்கு வைட்டமின்-ஏ வழிவந்த மருந்தோடு பாஷாணத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, வழக்கமான கீமோவுக்குச் சற்றும் குறையாத பலன் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இதைச் செய்துகாட்டிய இடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே 1998-க்கும் 2004-க்கும் இடையில் புதிதாக ஏ.பி.எல். கண்டறியப்பட்ட 72 நோயாளிகளுக்கு மருத்துவர் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் ஆர்செனிக் டிரையாக்சைடை மட்டுமே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். மருந்தைத் தங்கள் மருந்தகத்திலேயே தயாரித்தார்கள், அதனால் செலவு வெகுவாகக் குறைந்தது. சுமார் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது நான்கில் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். இறந்தவர்களின் கணக்கையும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் அச்சிட்டார்கள்.

இங்கேதான் இரண்டு மருத்துவங்களும் பிரிகின்றன. பாஷாணம் நம்மிடம் இருந்தது. அதைச் சுத்தி செய்யும் நுட்பமும் இருந்தது. எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எந்த வகைப் புற்று, எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்ற ஏடுதான் இல்லை. பிழைத்தவர் வைத்தியரைத் தேடி வந்து நன்றி சொல்வார். இறந்தவரின் குடும்பம் திரும்பி வராது. முப்பது ஆண்டு தொழில் செய்த நேர்மையான வைத்தியர்கூட, தன் மருந்து பெரும்பாலும் பலிக்கிறது என்று மனதார நம்புவதற்கு இதுவே காரணம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கணக்கு எடுத்துப் பார்த்தவர்கள் சொல்வது கசப்பானது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கைலர் ஜான்சனும் உடனாய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். குணமாகக்கூடிய நோயில்தான் இழப்பு மிகப் பெரியதாக இருக்கிறது என்பது நெஞ்சைச் சுடும் செய்தி.

திருச்சியிலும் ஆய்வு நடக்காமல் இல்லை. சித்த மருத்துவர்கள் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுப்பது இரசகந்தி மெழுகு. பாதரசமும் கந்தகமும் மூலிகைகளும் சேர்ந்த மருந்து அது. பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் குளோரோஃபார்ம் சாற்றை, எச்.பி.வி. கிருமியால் வரும் கருப்பை வாய்ப் புற்றின் செல்கள் மீது ஆய்வுக்கூடத்தில் சோதித்து, 2012-இல் கட்டுரை வெளியிட்டார்கள். செல்கள் மடிந்தன. மதிக்க வேண்டிய வேலை. ஆனால் கண்ணாடித் தட்டில் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஏராளம். அதோடு, நோயாளி விழுங்குவது குளோரோஃபார்ம் சாற்றை அன்று, பாதரசத்தோடு கூடிய முழு மெழுகை. தட்டில் கிடைத்த வெற்றியை மனிதருக்குக் கிடைத்த வெற்றியாக விளம்பரம் செய்பவர்கள் இந்த ஆய்வாளர்களுக்கும் அநியாயம் செய்கிறார்கள்.

சேராங்கொட்டையின் கதையும் இப்படித்தான். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கருத்துப் பளபளக்கும் கொட்டையை எடுத்துக் காட்டுவார்கள். சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாக் குறி வைக்கப் பயன்படுத்திய அதே கொட்டை. மூக்கை நீக்கிச் சுத்தி செய்யாமல் தொட்டால் அதன் எண்ணெய் பட்ட இடமெல்லாம் கொப்புளம் கிளம்பும். இதன் பால் சாற்றைப் புற்று வந்த எலிகளுக்குக் கொடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் ஆய்வுகள் நடந்தன, நம்பிக்கையூட்டும் முடிவுகளும் வந்தன. எலியிலிருந்து மனிதருக்குப் போகும் அடுத்த படியில் நித்தியகல்யாணியைப் போல அது ஏறவில்லை.

மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாது என்ற பேச்சைத் தயங்காமல் மறுக்க வேண்டும். ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் தமிழ்நாட்டில் வளரும் மூலிகைகள். அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்த இவற்றிலுள்ள அமிலம், சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையே உண்டாக்கும். 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய என்று அதே இனத்துச் சீன மூலிகை கலந்த மாத்திரையை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பிறகு 39 பேரைச் சோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்தது. வாட்ஸ்அப் புண்ணியத்தில் இப்போது பிரபலமாகியிருக்கும் முள்சீத்தா இலையை அளவுக்கு மீறி உட்கொள்வதை, கரீபியத் தீவான குவாதலூப்பில் காணப்படும் ஒருவகை நடுக்குவாத நோயோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். கீமோவில் கல்லீரல் ஏற்கெனவே தள்ளாடும் ஒருவரிடம், பெயர் தெரியாத பொடியைச் சாப்பிடச் சொல்வது பரிவு ஆகாது.

நவீன மருத்துவத்தின் குறைகளும் சின்னவை அல்ல. அந்தக் குறைகள்தாம் பலரை வைத்தியர் வீட்டுக்கு அனுப்புகின்றன. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்க முடிகிற நேரம் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் ‘ஸ்டேஜ் மூன்று’, ‘ஆறு சைக்கிள்’ என்ற சொற்கள் விழுகின்றன. இது குணமாகுமா, அல்லது ஆயுளை நீட்டிக்கவா என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை ஏற்றாலும், கூலி வேலைக்குப் போகிறவர் இழக்கும் சம்பளத்தை யாரும் கொடுப்பதில்லை. 1985-இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் வலி தீர்க்கும் மார்ஃபின்கூட நோயாளிக்கு எட்டாமல் போனது. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகும் சிறிய ஊர்களில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. சித்த மருத்துவரோ உட்காரவைத்துப் பேசுகிறார், பசி எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரிக்கிறார், பத்தியம் சொல்கிறார். சாகப் போகிறவரையும் மனிதராக நடத்தும் அந்தப் பண்பை மருத்துவமனைகள் கடன் வாங்கத்தான் வேண்டும்.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் நவீன மருத்துவம் தமிழ்நாட்டில் செய்துகாட்டியது உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார். பிறகு வந்த மருத்துவர் சாந்தா, ஏழைக்கும் அதே சிகிச்சை என்பதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் எளிய வினிகர்ப் பரிசோதனையால் கருப்பை வாய்ப் புற்றின் இறப்பை 35 விழுக்காடு குறைக்க முடிந்ததை 2007-இல் ஆய்வு மெய்ப்பித்தது. திருச்சிக்குத் தெற்கே, பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் நடந்த வேலை இது. எந்த லேகியமும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை.

இந்த நிலையில் நியாயமான ஏற்பாடு ஒன்று உண்டு. கட்டியை அகற்றுவதும் கதிர்வீச்சும் கீமோவும் நவீன மருத்துவத்தின் வேலை. அவற்றை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடச் சொல்லும் உரிமை வைத்தியருக்கு இல்லை. புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டும். பசியின்மை, வாய்ப்புண், மலச்சிக்கல், தூக்கமின்மை போன்ற தொல்லைகளில் சித்த மருத்துவத்துக்கு இடம் கொடுக்கலாம், இரு மருத்துவரும் ஒரே கோப்பில் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரசகந்தி மெழுகை விட்டுவிடவும் வேண்டாம். தாம்பரத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் கி.ஆ.பெ. பெயர் தாங்கிய திருச்சிக் கல்லூரியும் சேர்ந்து, வழக்கமான சிகிச்சையை முடித்த நோயாளிகளிடம், அவர்கள் ஒப்புதலோடு அதைச் சோதிக்கலாம். ரத்தத்தில் பாதரசம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, நோய் திரும்பியதா, எத்தனை மாதம் வாழ்ந்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் பதிவு செய்து, முடிவு சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் அச்சிட வேண்டும்.