இரைச்சலும் அடக்கமும்: மாற்று ராக் இதழ் வடிவமைப்பும் தமிழ்ப் பக்கமும் – குளச்சல் வாசகரை முன்னிறுத்தி ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாற்று ராக் இசையை விரும்பும் இளைஞர்களுக்கான இதழ்கள் உலக அளவில் தமக்கெனத் தனித்த பக்க அமைப்பை உருவாக்கிக்கொண்டன. அவ்வமைப்பின் உச்சமாகக் கருதப்படும் அமெரிக்க இதழ் ‘ரே கன்’, எழுத்துகளைச் சிதைத்தும் நிரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியும் வாசிப்பைக் கடினமாக்கியது. இம்முறையைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் எழுத்தின் அமைப்பு, தமிழ்ச் சிற்றிதழ் மரபின் பக்க ஒழுங்கு, குளச்சல் போன்ற கடலோர நகரத்து வாசகரின் மொழிநிலை ஆகிய மூன்றும் அம்முறைக்கு இடங்கொடுக்கவில்லை என்பதும், தமிழ்ப் பக்கத்திற்குரிய கலகம் பாடல் வரியைச் சிதைப்பதில் அன்றி அதைப் பேச்சு மாறாமல் காப்பதில் உள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: மாற்று ராக், இதழ் வடிவமைப்பு, எழுத்துருவியல், சிற்றிதழ், கையெழுத்து இதழ், குளச்சல், வட்டார வழக்கு.

முன்னுரை

இந்தியாவில் ராக் இசைக்கென நீண்டகாலம் வெளிவந்த ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 1993இல் அமித் சைகலால் தொடங்கப்பட்டது. அது பிறந்த இடம் மும்பையோ பெங்களூரோ அன்று, அலகாபாத். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1988இல், சுந்தர ராமசாமி ‘காலச்சுவடு’ இதழைத் தொடங்கிய ஊர் நாகர்கோவில். மாற்று இதழ் என்பது பெருநகரின் தனியுரிமை அன்று என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும். நாகர்கோவிலிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள துறைமுக நகரான குளச்சலின் இளம் வாசகரை மனத்தில் வைத்து மாற்று ராக் இதழ் ஒன்றின் பக்கத்தை எண்ணிப் பார்ப்பது, ஆகவே, பொருத்தமற்ற கற்பனை ஆகாது.

தமிழில் ராக் இசைக்கெனத் தனி அச்சிதழ் எதுவும் நிலைபெறவில்லை. ஆயினும் அதற்கான இசை உருவாகிவிட்டது. ‘குரங்கன்’ போன்ற சென்னைக் குழுக்களும், 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவும் ராக், கானா, ராப் ஆகியவற்றைத் தமிழ் வரிகளோடு இணைத்தன. கேரளத்தில் ‘அவியல்’ குழு 2008இல் வெளியிட்ட தன் முதல் தொகுப்பை மலையாள வரிகளாலேயே அமைத்தது. இவ்விசையை எழுத்தில் பதிவுசெய்யும் பக்கம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் சிக்கல் மட்டுமன்று; எது பதிவாகும், எது விடுபடும் என்பதைத் தீர்மானிக்கும் திறனாய்வுச் சிக்கலும் ஆகும்.

ரே கன்: சிதைவின் பொருள்

1992இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ‘ரே கன்’ இதழின் முதல் கலை இயக்குநர் டேவிட் கார்சன். சமூகவியல் பயின்றவர், அலைச்சறுக்கு வீரர், முன்னதாக ‘பீச் கல்ச்சர்’ என்னும் கடற்கரைப் பண்பாட்டு இதழை வடிவமைத்தவர். கட்டச் சட்டகத்தைக் கைவிடுதல், ஒரு நிரலை மற்றொன்றின்மேல் ஏற்றுதல், தலைப்பின் எழுத்துகளைப் பாதியில் வெட்டுதல் ஆகியன அவர் பக்கங்களின் இயல்புகள். 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் நேர்காணல் சலிப்பூட்டுவதாகக் கருதிய கார்சன், அதை முழுமையாக ‘ஜாஃப் டிங்பேட்ஸ்’ என்னும் குறியீட்டு எழுத்துருவில் அமைத்தார். அம்பு, விண்மீன், கத்தரிக்கோல் போன்ற வடிவங்களே அவ்வெழுத்துருவில் உள்ளன. நேர்காணலின் படிக்கத்தக்க வடிவம் அவ்விதழின் பிற்பகுதியில் தரப்பட்டது.

இச்செயலை வெறும் குறும்பாகக் கொள்ளவியலாது. இசை நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும் நேர்காணலையும் விளம்பரத்தையும் ஒரே மெருகில் அச்சிட்டுவந்த இதழியலுக்கு எதிரான மறுப்பு அது. படிக்க எளிதாக இருப்பதும் பொருளைத் தெரிவிப்பதும் ஒன்றல்ல என்பது கார்சனின் நிலைப்பாடு. ஆனால் இம்மறுப்பு செயற்படுவதற்கு ஒரு பின்புலம் வேண்டும். ஆங்கில இதழ்களின் பக்கம் பல பத்தாண்டுகளாக ஒழுங்குபட்டு, சீரான நிரல்களும் அளவான வெற்றிடமும் கொண்டதாக இருந்தது. அவ்வொழுங்கே பெருவணிகத்தின் முகம். எனவே ஒழுங்கைக் குலைப்பது வணிகத்தைக் குலைப்பதாகப் பொருள்பட்டது.

இதற்கு முந்தைய சான்று 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி தொடங்கிய ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்னும் பங்க் இசை இதழ். தட்டச்சுப் பொறி, தடித்த பேனா, ஒளிநகல் ஆகியவற்றால் உருவான இதழ் அது. அதன் கரடுமுரடான தோற்றம் திட்டமிட்ட அழகியலாகப் பிறக்கவில்லை. கையிலிருந்த கருவிகளின் விளைவாகப் பிறந்தது. பின்னாளில் அத்தோற்றத்தைக் கணினியில் செய்து காட்டியவர்கள் விளைவை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டனர்.

தமிழில் மாற்று என்பது அடக்கம்

தமிழ் இதழியலில் நிலைமை நேர்மாறானது. ‘ஆனந்த விகடன்’, ‘குமுதம்’ முதலிய வெகுசன இதழ்களின் பக்கம் நெடுங்காலமாகவே நெரிசலானது. துணுக்கு, கேலிச்சித்திரம், பல வண்ணத் தலைப்பு, கட்டமிட்ட செய்தி, விளம்பரம் ஆகியன ஒரே பக்கத்தில் இடம் தேடி முட்டிக்கொள்வது அவற்றின் வழக்கம். திரைப்படச் சுவரொட்டியும் தேர்தல் சுவரெழுத்தும் இதே இரைச்சலின் தெருவடிவங்கள். தமிழ்நாட்டில் ஒழுங்கின்மை கலகத்தின் அடையாளமாக இல்லை; சந்தையின் அன்றாட மொழியாகவே இருந்துவருகிறது.

இதனால்தான் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ (1959) முதலாகத் தமிழ்ச் சிற்றிதழ்கள் தம் மறுப்பை அடக்கத்தின் வழியே காட்டின. கவர்ச்சிப் படம் அற்ற அட்டை, ஒரே அளவிலான எழுத்து, விளம்பரம் அருகிய பக்கம் ஆகியன அவற்றின் அடையாளங்கள். கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகளும் கோட்டோவியங்களும் இம்மரபில் நிகழ்ந்த முக்கியமான வடிவமைப்புச் செயல். அவருடைய எழுத்து கரடானது. ஆனால் அதைச் சூழ்ந்த வெற்றிடம் அமைதியானது. அக்கரட்டுத்தன்மை கண்ணில் பட்டதற்கு அந்த வெற்றிடமே காரணம்.

இவ்வாறு நோக்கும்போது, ‘ரே கன்’ பக்கத்தைத் தமிழில் போலச் செய்யும் இதழ் தான் எதிர்ப்பதாகக் கருதும் வெகுசன இதழையே ஒத்துவிடும். ஓரிடத்து மறுப்பு மற்றோரிடத்து வழக்கமாகிவிடுகிறது.

எழுத்தின் தடை

இரண்டாவது தடை எழுத்திலேயே உள்ளது. உரோம எழுத்தில் சொல்லின் உறுப்புகள் தனித்தனியே வரிசையாக நிற்பவை. அவற்றை விலக்கினாலும் நெருக்கினாலும் கண் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். தமிழில் உயிர்மெய்யின் உறுப்புகள் மெய்வடிவத்தைச் சுற்றி அமைகின்றன. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் இடப்புறம் வருகின்றன. ஒகர, ஓகாரக் குறிகள் இருபுறமும் பிரிந்து நிற்கின்றன. ‘கோ’ என்னும் எழுத்தின் உறுப்புகளை இடைவெளியால் பிரித்தால், நடுவில் நிற்கும் ககரம் எதற்குரியது என்னும் ஐயம் எழும். ‘கொடு’, ‘கோடு’ என்னும் இரு சொற்களை வேறுபடுத்துவது ஒற்றைக்கொம்பின் மேல் அமையும் சிறு சுழி மட்டுமே. ‘பல்’, ‘பல’ என்பவற்றை வேறுபடுத்துவது ஒரு புள்ளி. ஒரு நிரலை மற்றொன்றின்மேல் ஏற்றினால் முதலில் மறைவன இந்தச் சுழியும் புள்ளியுமே. ஆங்கிலத்தில் சிதைவு வாசிப்பைத் தாமதப்படுத்துகிறது. தமிழில் அது சொல்லையே மாற்றிவிடுகிறது.

சொற்களின் நீளமும் கருதத்தக்கது. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்கள், இசை இதழ்கள் விரும்பும் குறுகிய நிரலில் அடங்குவதில்லை. இருபுறமும் சீராக்கினால் சொல்லிடையே பெரும் வெளிகள் தோன்றும். சீராக்காவிடில் வலப்புற விளிம்பு மிகவும் ஒழுங்கற்றதாகும். கைப்பேசித் திரையில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது.

தமிழ் வாசகர் கடினமான பக்கத்தையே அறியாதவர் என்பது இதன் பொருள் அன்று. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. குறில் நெடில் எகர ஒகரங்கள் வேறுபடுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் வரும். சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. வாசகர் யாப்பையும் பொருளையும் துணைக்கொண்டு விடுபட்டதை நிரப்பினார். சித்திரகவிகளில் எழுத்து தேராகவும் பாம்பாகவும் நின்றது. ஆயினும் இவ்விரண்டிலும் வாசகருக்குத் துணைநிற்கும் விதி ஒன்று இருந்தது. இதழ்ப் பக்கத்தின் தற்செயற் சிதைவில் அத்தகைய துணை இல்லை. தமிழில் கடினமான பக்கம் ஒன்றை உருவாக்க விரும்பும் வடிவமைப்பாளர், முதலில் அதைப் படிப்பதற்கான விதியை உருவாக்க வேண்டும்.

குளச்சல் வாசகரின் பக்கம்

குளச்சல் வாசகரின் மொழிநிலை மூன்றாவது தடையைக் காட்டுகிறது, வழியையும் காட்டுகிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இது. தமிழோடு மலையாளமும் செவிக்குப் பழகிய ஊர். குளச்சலைத் தம் பெயரிலேயே தாங்கிய மொழிபெயர்ப்பாளர் குளச்சல் மு. யூசுப், மலையாளத்திலிருந்து தமிழாக்கிய ‘திருடன் மணியன்பிள்ளை’ நூலுக்காகச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார். இத்தகைய ஊரின் இளைஞருக்கு ‘அவியல்’ அயலிசை அன்று; சென்னைக் குழுக்களின் வடசென்னைப் பேச்சுதான் அவருக்கு விளக்கம் தேவைப்படும் மொழியாக இருக்கலாம். கடலோரப் பங்குகளின் பாடற்குழுக்கள் வழியே கிதாரும் விசைப்பலகையும் அவருக்கு முன்பே அறிமுகமானவை. ராக் இசையைப் புதுமையாக அறிமுகப்படுத்தும் தொனி அவரிடம் எடுபடாது.

கடலும் அவருக்கு வேறு பொருள் தருகிறது. கார்சனின் பக்கம் கடலை விளையாட்டுக் களமாகக் கண்ட பண்பாட்டிலிருந்து கிளைத்தது. குளச்சலில் கடல் தொழிற்களம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் 2017இன் ஒக்கிப் புயலும் உயிர்களைக் கொண்டுசென்ற இடம். அலையின் படத்தைப் பின்னணி அலங்காரமாக இட்டு அதன்மேல் எழுத்தை மிதக்கவிடும் பக்கம் இங்குப் பொறுப்பற்றதாகவே படிக்கப்படும்.

எனவே குளச்சல் வாசகரின் பக்கத்தில் முதன்மை பெற வேண்டியது பாடல் வரி. பாடகர் பாடிய பேச்சு வடிவத்தை எழுத்து வழக்கிற்குத் திருத்தாமல் அச்சிடுவதும், அயல்வழக்குச் சொல்லுக்கு அதே வரியின் ஓரத்தில் சிறுகுறிப்புத் தருவதும், மலையாள வரியைத் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்து அடுத்த நிரலில் பொருள் தருவதும் வடிவமைப்பின் அடிப்படைக் கடமைகளாகும். வட்டார நாவல்கள் பலவற்றில் சொல்லடைவு நூலின் இறுதிக்குத் தள்ளப்படுகிறது. அதை வரியின் அருகே கொண்டுவருவது சிறிய மாற்றமாகத் தோன்றினும், எந்தப் பேச்சு இயல்பு, எந்தப் பேச்சு விலகல் என்னும் படிநிலையை அது கலைக்கிறது.

கைவேலையும் கலகமும்

அடக்கம் மட்டுமே போதுமாயின் இவ்விதழ் மற்றொரு இலக்கியச் சிற்றிதழாகவே முடியும். இளைஞரின் சினத்திற்கும் பக்கத்தில் இடம் வேண்டும். அதற்கான வழியைத் தமிழ்ப் புலம்பெயர் கலைஞர் ஒருவரின் பணி காட்டுகிறது. லண்டனில் கலைக்கல்வி பெற்ற மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடகராக அறியப்படுமுன், ‘எலாஸ்டிகா’ என்னும் ஆங்கில மாற்று ராக் குழுவின் ‘தி மெனஸ்’ (2000) தொகுப்பிற்கு அட்டைப்படம் அமைத்தார். துளையிட்ட தகட்டின்மேல் வண்ணம் தெளித்து உருவாக்கும் ஸ்டென்சில் முறையில் ஈழப்போரின் உருவங்களை அவர் கையாண்டார். 2005இல் வந்த ‘அருளர்’ தொகுப்பின் காட்சிமொழியும் அதுவே. இம்முறையில் இரைச்சல் படத்தில் நிகழ்கிறது. போரைப் பகட்டான வண்ணத்தில் அலங்காரமாக்குகிறது என்னும் எதிர்ப்பு இம்முறைக்கு உண்டு. அதைப் புறக்கணிக்க முடியாது. ஆயினும் மலிவான கருவியும் சொல்லவேண்டிய செய்தியும் ஒன்றையொன்று தேடிக்கொண்ட வடிவமைப்பு என்ற அளவில் அது முன்மாதிரியாகிறது.

தமிழுக்கு இவ்வகையில் சொந்தக் கருவி ஒன்றும் உண்டு: கையெழுத்து இதழ். பள்ளி, கல்லூரி, நூலகங்களில் ஒரே படியாக எழுதிச் சுற்றுக்கு விடப்பட்ட இவ்விதழ்கள் மேலைநாட்டு ரசிகர் இதழ்களுக்கு இணையானவை. கை எழுதும்போது எழுத்து சாயலாம், பெருக்கலாம், நெரியலாம். எழுதுபவர் விரும்பாதவரை கொம்பு மெய்யைவிட்டுப் பிரிவதில்லை. கணினியில் சிதைத்த எழுத்துருவைவிடக் கையெழுத்தே தமிழில் இரைச்சலைத் தாங்கவல்லது.

முடிவுரை

மாற்று இதழின் வடிவமைப்பு எதை மறுக்கிறது என்பதாலேயே பொருள் பெறுகிறது. எவ்வாறு தோன்றுகிறது என்பதால் அன்று. ‘ரே கன்’ மெருகை மறுத்தது. ‘எழுத்து’ நெரிசலை மறுத்தது. குளச்சல் வாசகருக்கான மாற்று ராக் இதழ் மறுக்க வேண்டியவை இரண்டு: பேச்சைத் திருத்தும் ஆசிரியரின் கை ஒன்று, அயல்நாட்டுக் கலகத்தின் தோற்றத்தை மட்டும் விற்கும் வணிகம் மற்றொன்று. படத்திலும் கையெழுத்திலும் இரைச்சல், பாடல் வரியில் முழுமை, ஓரக்குறிப்பில் பன்மொழி என்னும் பகுப்பு அதற்கு உகந்ததாகும்.

இன்று தமிழில் உருவாகும் தனியிசைப் பாடல்கள் பெரும்பாலும் ஒலியாக மட்டுமே கிடைக்கின்றன. அவற்றின் வரிகள் பாடிய வண்ணமே அச்சேறாவிட்டால், நாளைய ஆய்வாளர் அப்பாடல்களின் பேச்சைச் செவியால் ஊகிக்க வேண்டியவராவார். ஓலையில் விடுபட்ட புள்ளியை நிரப்பியவருக்கு யாப்பு துணைநின்றது. இவருக்கு அத்துணையும் இராது.